திறப்பு விழாவும் பூட்டிய கதவும்

தோட்டத்தை விட்டு நகரத்திற்குக் குடிவந்த நம்மவர் வாழும் பகுதிகளில், கிறிஸ்தவ ஆலயங்களை அடுத்துப் புதிய சமூகக் கட்டடங்கள் எழும்பி வருகின்றன. மண்டபம், வகுப்பறை, சமையற்கூடம், மாடியில் கூட்ட அறை என்று வசதியாகக் கட்டுகிறார்கள். நம்மவர் கூடிப் பொருள் திரட்டி, ஒரு காரியத்தைத் தொடங்கி முடிப்பதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆயினும் அம்மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியையும் கேட்டே ஆகவேண்டும். இக்கட்டடங்கள் யாருக்காகத் திறக்கப்படுகின்றன?

அண்மையில் அத்தகைய திறப்பு விழா ஒன்றிற்கு நாமும் சென்றிருந்தோம். ஊரின் பெயரும் ஆலயத்தின் பெயரும் இங்கு வேண்டா. குற்றம் ஓரிடத்திற்கு மட்டும் உரியதன்று. முன்வரிசையில் உறை போட்ட நாற்காலிகள், அவற்றில் பிரமுகர்கள். வாசலில் பளிங்குக் கல். அதில் பெருந்தொகை கொடுத்தோரின் பெயர்கள் பொன்னெழுத்தில். பின்புறம், சாக்கடை ஓரமாகப் போடப்பட்ட தகரப் பந்தலின் கீழ், சில மூதாட்டிகள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் இளமையில் பால்மரம் வெட்டியவர்கள். மூன்று ஆண்டுகள் ஞாயிறு தோறும் வடையும் நாசி லெமாக்கும் செய்து விற்று, கட்டட நிதிக்குக் காசு சேர்த்தவர்களும் அவர்களே. அன்று வந்தோர்க்கெல்லாம் தேநீர் ஊற்றிக் கொடுத்ததும் அவர்கள்தாம். பேசிய எழுவரில் ஒருவரேனும் அவர்களைக் குறிப்பிடவில்லை. கல்லிலும் அவர்கள் பெயர் இல்லை. வடை விற்ற பணத்திற்குப் பெயர் ஏது?

நிற்க. நான்கு திங்கள் கழித்து, அம்மூதாட்டிகளுள் ஒருவர் தம் பேத்தியின் திருமண விருந்திற்கு அம்மண்டபத்தைக் கேட்டார். ஒரு நாள் வாடகை 1,500 வெள்ளி, முன்பணம் 500 வெள்ளி, வெளிச் சமையல் கூடாது என்று விடை வந்தது. விருந்து வீட்டு முன்னால், தெருவில், கூடாரத்தின் கீழ் நடந்தது. அன்று மண்டபம் வெறுமையாகப் பூட்டிக் கிடந்தது. இதைக் கேட்டு நம் உள்ளம் கொதித்தது. இக்கட்டுரைக்கு அதுவே காரணம்.

நாம் எந்த மதத்தையும் தாங்கவோ தாக்கவோ வரவில்லை. ஆனால் கட்டடம் என்பது கல்லாலும் சுண்ணாம்பாலும் மட்டும் ஆவதன்று. மனித உழைப்பால் ஆவது. அவ்வுழைப்பின் கணக்கைப் பார்க்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு.

பழைய கணக்கிலிருந்தே தொடங்குவோம். சிங்கப்பூரில் வெண்மையாக நிமிர்ந்து நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை அறியாதார் இலர். 1856இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1862இல் அபிஷேகம் செய்யப்பட்ட அவ்வாலயத்தைக் கட்டியவர்கள் யார்? இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட கைதிகள். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவையும் சர்க்கரையையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டுக் குழைத்து, சுவரில் பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கிய கைகள் அவர்களுடையவை. அக்கலவைக்கு ‘மதராஸ் சுண்ணாம்பு’ என்றே பெயர். திட்டம் வகுத்த இராணுவப் பொறியாளர் மக்பர்சனின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. சுவரைத் தேய்த்தவன் பெயர் எங்கே? பினாங்கின் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தின் கதையும் இதுவே. அதுவும் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. அவர்களுக்குக் கூலியும் இல்லை, பெயரும் இல்லை, உள்ளே அமர இடமும் இல்லை. அது வெள்ளையர் ஆண்ட காலம் என்று சமாதானம் சொல்லலாம். இன்று நம்மவர் நம்மவருக்குக் கட்டும் கட்டடத்தில் அதே கணக்கு ஏன் தொடரவேண்டும்?

அதே செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தின் சரித்திரத்தில் நம் கட்டடக் குழுவினர் படிக்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. அவ்வாலயம் கட்டி முடிந்தது 1818இல். அபிஷேகம் நடந்தது 1819இல். ஆனால் பினாங்கின் குருவாக இருந்த ஹட்சிங்ஸ் என்பவர் அதற்கு முன்பே, 1816இல், பினாங்கு ஃபிரீ ஸ்கூல் என்னும் பள்ளியைத் தொடங்கிவிட்டார். எவ்வினத்துப் பிள்ளையும் எம்மதத்துப் பிள்ளையும் சேரலாம் என்பது அதன் கொள்கை. அங்கே தொடங்கிய தமிழ் வகுப்பைத்தான் இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் பிறப்பு என்று இன்றும் கொண்டாடுகிறோம். கோயிலுக்குக் கூரை ஏறுமுன் பள்ளிக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்! கூரை ஏறிய பின்பும் பிள்ளைகளை உள்ளே விடாத நம் காலத்தவர் இதை எண்ணி நாணவேண்டும்.

தமிழர் தமக்கென எழுப்பிய நல்ல சான்றுகளும் இல்லாமற் போகவில்லை. சிங்கப்பூர் ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து மாதா ஆலயம், தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று 1886இல் தொடங்கி 1888இல் திறக்கப்பட்டது. 2005இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பேராக்கில் பாகான் செராய்க்கு அருகே, ஃபே என்னும் பிரெஞ்சுக் குருவின் முயற்சியால் 1880களில் எழுந்த சூசைப்பாளையத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே தமிழ்க் குடும்பங்களுக்குக் கோயிலோடு குடியிருக்கவும் பயிரிடவும் நிலமும் கிடைத்தது. மக்களின் வயிற்றையும் வீட்டையும் எண்ணிப் பார்த்த பின்னரே மணிக்கூண்டை எண்ணினால், அக்கோயில் ஊராகிறது. மணிக்கூண்டை மட்டும் எண்ணினால் அது வெறும் கட்டடமாகவே நின்றுவிடுகிறது.

இனி அவர்களுடைய வேதத்தையே எடுத்துக்கொள்வோம். முதற் கிறிஸ்தவர்களுக்குக் கட்டடமே இல்லை. வீடுகளில் கூடினார்கள், சேர்ந்து உண்டார்கள். கொரிந்து நகரத்துச் சபையில் வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்டு குடிக்க, இல்லாதோர் பசித்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டு, பவுல் அவர்களைக் கடிந்து எழுதினார். பொன் மோதிரமும் மினுக்கான உடையும் அணிந்து வருபவனை நல்ல இடத்தில் அமர்த்தி, கந்தை உடுத்து வரும் ஏழையை அங்கே நில் என்று சொல்லும் சபையை யாக்கோபின் நிருபம் கண்டிக்கிறது. உறை போட்ட நாற்காலியும் சாக்கடை ஓரத்துத் தகரப் பந்தலும் அந்நிருபத்தின் முன் என்ன பதில் சொல்லும்? இரண்டு காசு போட்ட ஏழை விதவையே எல்லாரிலும் அதிகம் போட்டாள் என்று இயேசு கூறியதாக மாற்கு எழுதியிருக்கிறார். அந்த விதவை இன்று வந்தால், நம் பளிங்குக் கல்லில் அவள் பெயரைப் பொறிக்க நம் கட்டடக் குழு சம்மதிக்குமா?

சுவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் முன்னோர் கடல் கடந்தபோது தம் மூட்டையில் ஜாதியையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்து ஆலயம் 1872இல் எவ்வாறு கட்டப்பட்டது? ஒரே பீடம், ஆனால் அதிலிருந்து காற்சட்டையின் இரு கால்கள்போல் பிரியும் இரண்டு கூடங்கள். ஒன்று மேல் ஜாதியார் எனப்பட்டோர்க்கு, மற்றொன்று ஏனையோர்க்கு, இடையில் தடுப்பு. ஒரு கடவுளை வணங்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதபடி கொத்தனார் கட்டிக் கொடுத்தார்! 1910ஆம் ஆண்டை ஒட்டி அத்தடுப்பு அகற்றப்பட்டபோது, அதைத் திரும்பக் கட்டித் தரவேண்டும் என்று வழக்குத் தொடுத்தோரும் கிறிஸ்தவர்களே. சென்னை உயர்நீதிமன்றம் அவர்களுக்கு இடங்கொடுக்கவில்லை. அதற்கு வெகு காலத்திற்கு முன்பே, 1833இல், கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் சபைக்குள் ஜாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவிட்டார். அவ்வுத்தரவைப் பொறாமல் சபையை விட்டு வெளியேறியவர்களும் உண்டு. கட்டளை பிறந்து எத்தனை ஆண்டு கழிந்து சுவர் இடிந்தது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

இன்றைய புதிய மண்டபங்களில் அத்தகைய தடுப்பு இல்லை என்பார்கள். உண்மை. கல்லால் ஆன தடுப்பு இல்லை. வாடகைப் பட்டியலால் ஆன தடுப்பு இருக்கிறது. அறிமுகக் கடிதம் கேட்கும் விண்ணப்பத் தாளில் ஒரு தடுப்பு. ‘நம்மவரா?’ என்று மெல்ல விசாரிக்கும் குழு உறுப்பினரின் கண்ணில் ஒரு தடுப்பு. கல் தடுப்பைக் கடப்பாரையால் இடிக்கலாம். இவற்றை இடிக்க வெட்கம் வேண்டும்.

கட்டடக் குழுவினர் கூறும் நியாயங்களையும் கேட்போம். மின்சாரக் கட்டணம் யார் கொடுப்பது, உடைந்த விளக்கை யார் மாற்றுவது என்று கேட்கிறார்கள். வங்கிக் கடன் தலைமேல் நிற்கிறது என்கிறார்கள். கேள்வி நேர்மையானதே; ஊதியமின்றி மாலை நேரங்களைச் செலவிட்டு உழைக்கும் அவர்களை நாம் பழிக்கவில்லை. ஆனால் பூட்டிக் கிடக்கும் மண்டபம் ஒரு காசும் ஈட்டுவதில்லை. வசதியுள்ளோரிடம் முழு வாடகை வாங்குங்கள். ஏழை வீட்டுத் திருமணத்திற்கு மின்சாரச் செலவையும் துப்புரவுச் செலவையும் மட்டும் வாங்குங்கள். சாவு வீட்டாரிடம் அதுவும் வேண்டா. புனிதம் கெடும் என்பது இரண்டாம் நியாயம். பசித்த பிள்ளை பாடம் படிப்பதால் கெடும் புனிதம் எதுவென்று நமக்கு விளங்கவில்லை. வேற்று மதத்தார் வந்தால் குழப்பம் வரும் என்பது மூன்றாம் நியாயம். தோட்டத்து லயத்தில் மாரியம்மன் திருவிழாவும் கிறிஸ்துமஸும் ஒரே வரிசை வீடுகளில் நடந்தன. பலகாரத் தட்டு இரு பக்கமும் போயிற்று. அங்கே வராத குழப்பம் இங்கே ஏன் வரப்போகிறது?

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீட்டு மனைகளாக மாறின. அவற்றோடு லயம் போயிற்று, திடல் போயிற்று, கூடிப் பேசும் மரத்தடியும் போயிற்று. அடுக்குமாடியின் சிறிய வீட்டில் பிள்ளை படிக்க மேசை போட இடமில்லை. கிழவர் நாலு பேரோடு உட்கார்ந்து பேசத் திண்ணையில்லை. இழந்த அந்தத் திண்ணையைத் திருப்பிக் கொடுக்கும் ஆற்றல் இக்கட்டடங்களுக்கு உண்டு. அதனால்தான் நமக்கு இவ்வளவு ஆத்திரம். பயனற்ற பொருளைப் பற்றி யார் ஆத்திரப்படுவார்?

எனவே புதிதாகக் கட்டத் தொடங்குவோர்க்கு நாம் சொல்வது இது. அடிக்கல் நாட்டும் அன்றே, கட்டடம் யாருக்கு, எந்த நேரத்தில், என்ன நிபந்தனையில் திறந்திருக்கும் என்று எழுதிச் சபையார் முன் படியுங்கள். வரவு செலவுக் கணக்கை வாசலில் ஒட்டுங்கள். வார நாட்களில் மாலை தோறும் ஓர் அறையைப் பிள்ளைகளின் படிப்பிற்கு விடுங்கள். எம்மதத்துப் பிள்ளையென்று கேளாதீர்கள். பெயர்க்கல் வைத்தே தீரவேண்டுமானால், கொடுத்த தொகையை நோக்காமல் எல்லார் பெயரையும் அகர வரிசையில் பொறியுங்கள். இடம் போதாதென்றால் எவர் பெயரும் வேண்டா. திறப்பு விழாவில் கத்தரிக்கோலை வடை விற்ற மூதாட்டியின் கையில் கொடுங்கள். நாடாவை வெட்ட அவரைவிடத் தகுதியுடையார் அக்கூட்டத்தில் இரார்.

ஏற்கனவே திறந்துவிட்டோர்க்குச் சொல்ல ஒன்றே உண்டு. நீங்கள் திறந்தது நாடாவை மட்டும். கதவை இன்னும் திறக்கவில்லை. திறவுகோல் உங்கள் கையில்தான் இருக்கிறது.