அணைத்தும் அணையாத கணினி

மூன்று பந்திகள் எஞ்சியிருந்த கட்டுரையை அப்படியே விட்டு, மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு இராச் சாப்பாட்டுக்குச் சென்றேன். திரும்பி வந்து திறந்தபோது எழுத்துகள் விட்ட இடத்திலேயே இருந்தன. வைபை இணைப்பு மட்டும் இல்லை. பத்திரிகை அச்சுக்குப் போக ஒரு மணி நேரமே இருந்தது. இணைய சேவை நிறுவனத்தை அழைத்தேன். "றவுட்டரை நிற்பாட்டிப் போடுங்கள் ஐயா" என்றார் பேசிய இளைஞர். போட்டேன், பயனில்லை. கைத்தொலைபேசி அதே வைபையில் ஒழுங்காக இயங்கிக்கொண்டிருந்ததைப் பின்னர்தான் கவனித்தேன். ஆகவே கோளாறு மடிக்கணினியில். தொலைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் டேட்டாவிலேயே கட்டுரையை அனுப்பினேன்.

மின்கலத்தைச் சேமிப்பதற்காக வைபை அட்டையை அணைத்துவைக்க விண்டோஸுக்கு அனுமதி உண்டு. கணினி விழிக்கும்போது அட்டையின் டிரைவர் மென்பொருள் அதனைச் சரியாக எழுப்பத் தவறினால் இணைப்பு வராது. பிளைட் மோட்டை ஒருமுறை போட்டு எடுத்தால் சில வேளைகளில் தீர்ந்துவிடும். அடிக்கடி நிகழுமாயின் டிவைஸ் மனேஜரில் வைபை அட்டையைத் தெரிவுசெய்து, பவர் மனேஜ்மென்ட் பக்கத்தில் அந்த அனுமதிக்குரிய சரி அடையாளத்தை நீக்கவேண்டும். சில புதிய கணினிகளில் அப்பக்கமே இராது. டிரைவரைப் புதுப்பித்துப் பார்க்கவேண்டியதுதான்.

சேமிப்பை நான் குறைகூறவில்லை. 2022 இல் 13 மணி நேரம் மின்வெட்டு நீடித்த நாட்களில் மின்கலத்தின் அருமையை அறிந்தவர்கள் நாம். என் கோபம் 'ஷட் டவுன்' என்ற சொல்லின் மீது. அன்றிரவு இருமுறை அக்கட்டளையைக் கொடுத்தும் கோளாறு அப்படியே இருந்தது. 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும் கணினிகளில் அக்கட்டளை இயங்குதளத்தின் கருவையும் டிரைவர்களின் நிலையையும் வட்டில் எழுதிவைத்து, மறுபடி தொடங்கும்போது அதையே எடுத்து விரிக்கிறது. பழுதும் பத்திரமாகத் திரும்பிவரக்கூடும். முற்றாகப் புதிதாகத் தொடங்குவது 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான். அல்லது ஷிப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுக்கவேண்டும். இதைப் பொத்தானருகே ஒரு வரியில் எழுதினால் என்ன? 'கடை மூடப்பட்டது' என்று நாங்கள் தலைப்பிட்டு, உள்ளே பாதிக் கதவு திறந்திருந்ததாக எழுதினால் மறுநாளே ஆசிரியருக்குக் கடிதம் வந்துவிடும்.

"தொலைபேசியில் வைபை வருகிறதா என முதலில் கேளுங்கள்" என்று அந்த இளைஞரிடம் சொல்வதற்கு மறுநாள் அழைத்தேன். இருபது நிமிடம் இசை கேட்டபின் வைத்துவிட்டேன்.