வீட்டு வாடகையை திடீர்னு ஏத்துறாங்களா? சென்னையில் யாரிடம் முறையிடலாம், சட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

"அடுத்த மாசத்துல இருந்து ரெண்டாயிரம் சேர்த்துக் கொடுங்க." சென்னையில் வாடகை வீட்டில் இருக்கும் பலருக்கும் பழகிப்போன வாக்கியம் இது. ஒத்துவராவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால், வாடகை உயர்வில் தகராறு வந்தால் முறையிட ஓர் இடம் இருக்கிறது. 2019ல் அந்த நடைமுறையே மாறிவிட்டது.

முன்பு எப்படி இருந்தது?

1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' என்று ஒன்று இருந்தது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் என யார் வேண்டுமானாலும் மனு போடலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம் அதை விசாரிக்கும். கணக்கும் தெளிவு. நிலம், கட்டடம் இரண்டின் மொத்த மதிப்பில் 9 சதவீதம்தான் குடியிருப்புக்கான ஓராண்டு வாடகை. அதாவது, மதிப்பு 40 லட்சம் ரூபாய் என்றால் ஆண்டுக்கு 3.6 லட்சம், மாதத்துக்கு 30 ஆயிரம் ரூபாய்.

இந்தக் கணக்கு எப்போதும் வாடகைதாரருக்குச் சாதகமாக இருந்தது என்று சொல்ல முடியாது. நிலத்தின் விலை ஏற ஏற 'நியாய வாடகை'யும் ஏறும். வழக்குகளும் ஆண்டுக்கணக்கில் இழுத்தன.

2019ல் என்ன மாறியது?

தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017. பெயர்தான் நீளம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம், 1960ஆம் ஆண்டு சட்டத்தை நீக்கிவிட்டது.

இதன்படி, வாடகையை உயர்த்துவதில் தகராறு வந்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். புதிய வாடகை எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்பதை அவர் முடிவு செய்வார். உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தாலும், தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தினாலும் அவரிடமே போகலாம். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகள் மட்டும் வாடகை நீதிமன்றத்துக்குப் போகும். அதற்கு மேல் வாடகைத் தீர்ப்பாயம் இருக்கிறது.

சிக்கல் எங்கே?

பழைய சட்டத்தில் அளவுகோல் கட்டடத்தின் மதிப்பு. புதிய சட்டத்தில் அளவுகோல் ஒப்பந்தம். வாடகையை இத்தனை சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று இந்தச் சட்டம் எந்த உச்சவரம்பும் வைக்கவில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, அதன்படிதான் உயர்வு. 'ஆண்டுக்கு 5 சதவீதம்' என்று எழுதியிருந்தால், நடுவில் 15 சதவீதம் கேட்க முடியாது. எதுவுமே எழுதவில்லை என்றால், வாடகைதாரர் கையில் காட்டுவதற்கு ஆதாரமே இருக்காது.

ஒப்பந்தத்தை எழுதினால் மட்டும் போதாது, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம். அதைத் தவிர்க்கத்தான் 11 மாத அக்ரிமென்ட் வழக்கமானது. ஆனால் வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. 11 மாத ஒப்பந்தத்துக்கும் அது தேவை. முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துவிட்டால், தகராறு வரும்போது இந்தச் சட்டத்தின் பலனைக் கேட்பது கடினம்.

அந்த 11 மாதத்திலேயே இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு உரிமையாளர் கேட்பது பழைய வாடகையின் உயர்வு அல்ல, புதிய ஒப்பந்தத்துக்கான விலை. அதற்கு ஒத்துக்கொள்ளாதவரை, மறுபடி கையெழுத்துப் போடச் சொல்லி யாரும் உரிமையாளரைக் கட்டாயப்படுத்த முடியாது. பிள்ளைகளின் பள்ளி பக்கத்தில் இருக்கும்போது, புது வீட்டுக்கு மொத்தமாக அட்வான்ஸ் புரட்ட வேண்டியிருக்கும்போது, பலரும் மனு போடாமல் கேட்டதைக் கொடுத்துவிடுவது இதனால்தான்.

வேறு ஊர்களில் எப்படி?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், 1979 ஜூனுக்கு முன் கட்டப்பட்ட பெரும்பாலான அடுக்குமாடி வாடகை வீடுகளுக்கு உயர்வு எவ்வளவு இருக்கலாம் என்பதை ஆண்டுதோறும் நகரின் வாடகை வாரியம் அறிவிக்கிறது. விலைவாசி உயர்வில் 60 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 7 சதவீதம் வரைதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் பொதுவாக உரிமையாளர்தான் வாரியத்தில் மனு போட்டுக் காரணம் காட்ட வேண்டும். சென்னையில் அப்படி ஒரு எண் இல்லாததால், பெரும்பாலும் வாடகைதாரர்தான் படியேற வேண்டியிருக்கிறது.

மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2ல் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டமும் உச்சவரம்பு வைக்கவில்லை. ஆனால், புதிய வாடகை அமலாவதற்கு 3 மாதம் முன்பே எழுத்துப்பூர்வமாகச் சொல்ல வேண்டும் என்கிறது.

இப்போது என்ன செய்யலாம்?

வாடகை அதிகாரி தகராறைத் தீர்க்க வேண்டுமென்றால் அவர் கையிலும் ஓர் அளவுகோல் வேண்டும். விலைவாசி உயர்வோடு இணைந்த ஒரு வழிகாட்டி எண்ணை ஆண்டுதோறும் அறிவித்தாலே பாதிச் சண்டை வாசலோடு முடிந்துவிடும். அது அரசு செய்ய வேண்டியது.

அதுவரை வாடகைதாரர் கையில் இருப்பது ஒப்பந்தம்தான். கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்க: ஆண்டு உயர்வு எத்தனை சதவீதம், எத்தனை மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும், அட்வான்ஸ் எவ்வளவு. காலத்தை 11 மாதத்துக்குப் பதில் 2 அல்லது 3 ஆண்டு என்று பேசி முடித்தால், சார்பதிவாளர் அலுவலகச் செலவு கூடும். ஆனால் அத்தனை ஆண்டுகளுக்கும் வாடகை எவ்வளவு என்பது இன்றைக்கே தெரிந்துவிடும்.