ஒரு பாலம் போதாது

வெந்நீர் நுண்ணுயிரிகளின் புரதம் கொதிநிலையிலும் குலையாததற்கு எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் உப்புப் பாலம் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்கிறார் ஸ்ரீரங்கத்து அன்பர் ஒருவர். இது பாதி உண்மை.

100 டிகிரியில் செழிக்கும் பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸ் என்ற நுண்ணுயிரியின் குளூட்டமேட் டீஹைட்ரஜனேஸ் என்ற புரதத்தில் இத்தகைய எதிரெதிர் மின்னூட்டங்களின் பெரிய வலையே உண்டு. மறுக்கவில்லை. ஆனால் நம் உடலின் புரதங்களிலும் உப்புப் பாலங்கள் இருக்கின்றனவே! 1995இல் ஆர்க் ரெப்ரெசர் என்ற புரதத்தின் உள்ளிருந்த உப்புப் பாலத்தை எடுத்துவிட்டு, நீரை வெறுக்கும் அமினோ அமிலங்களை வைத்தார்கள். புரதம் இன்னும் உறுதியானது. அன்பரின் விதிப்படி அது குலைந்திருக்க வேண்டும்.

சாதாரணப் புரதத்தின் நிகர நிலைத்தன்மையே பெரும்பாலும் மோலுக்கு 5 முதல் 15 கிலோகலோரிதான். நெருக்கமான உட்பகுதி, குட்டையான வளையங்கள், சரியான இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் ஒன்று எனச் சில்லறை லாபங்கள் சேர்ந்தாலே வெப்பத்தைத் தாங்கலாம். ஒவ்வொரு புரதத்துக்கும் கணக்கு வேறு.

இதை அறியக் கடல் தாண்ட வேண்டாம். திருச்சியில் ப. க. பொன்னுசாமி குழுவினர் 1978இல் ‘நேச்சர்’ இதழில் அமினோ அமிலங்களின் நீர்வெறுப்பையும், 1982இல் அமினோ அமிலச் சேர்க்கைக்கும் வெப்ப நிலைத்தன்மைக்குமான உறவையும் எழுதினார்கள். அன்பர் முதலில் அவற்றைப் படிக்கட்டும்.