"ஒன்றுமில்லை சார்"



பிள்ளைகளைக் கிரிக்கெட் பயிற்சிக்கோ கால்பந்துப் பயிற்சிக்கோ சேர்க்கும்போது கட்டணம், சீருடை, காலணி ஆகியவற்றைக் குறித்து நன்றாக விசாரிக்கிறோம். பயிற்சியாளரிடம் ஒன்றை மட்டும் கேட்பதில்லை: தலையில் அடிபட்ட பிள்ளையை என்ன செய்வீர்கள்?

வழக்கமாக நடப்பது உங்களுக்குத் தெரியும். முகத்தில் தண்ணீர் தெளித்து, புடைத்த இடத்தைத் தேய்த்துவிட்டு, "ஆட முடியுமா?" என்பார்கள். அணியில் தன் இடம் போய்விடுமோ என்று பயந்து பிள்ளையும் "ஒன்றுமில்லை சார்" என்பான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், 2006-ஆம் ஆண்டு, சக்கரி லிஸ்டெட் என்னும் 13 வயதுச் சிறுவனின் தலை அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் தரையில் மோதியது. சற்று நேரம் வெளியே அமர்ந்திருந்தவன் மீண்டும் களத்தில் இறங்கினான். அன்றே சுருண்டு விழுந்தான். உயிரைக் காக்க மண்டையோட்டின் இருபுறமும் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். அவன் மறுபடியும் ஒரு வார்த்தை பேச ஒன்பது மாதங்கள் ஆயின. 2009-இல் அம்மாநிலம் அவன் பெயரால் அறியப்படும் சட்டத்தை இயற்றியது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் எழுந்தாலே இளம் வீரனை வெளியேற்ற வேண்டும். தகுதி பெற்ற மருத்துவப் பணியாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இன்றித் திரும்பச் சேர்க்கலாகாது.

அடியின் வேகத்தில் மூளை மண்டையோட்டுக்குள் குலுங்குவதால் வருவதே 'கன்கஷன்' எனப்படும் மூளை அதிர்ச்சி. பலர் எண்ணுவதுபோல் மயக்கம் வரவேண்டும் என்பதில்லை. பெரும்பாலோருக்கு வருவதே இல்லை. ஸ்கேனிலும் குறை தெரியாமல் போகலாம். அது ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால், அரிதாக, மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே நேரும் குலுக்கத்தை முற்றிலும் தடுக்காது.

அறிகுறிகள் உடனே தோன்றவேண்டும் என்பதுமில்லை. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பந்து தாக்கியது. சோதனைகளில் தேறி அன்றே மீண்டும் மட்டை பிடித்தார். மறுநாள் காலை தலைவலி. அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் ஆடினார். மருத்துவர் அருகிலிருந்த சர்வதேச வீரருக்கே இப்படியென்றால், பத்து வயதுப் பிள்ளையின் "ஒன்றுமில்லை"யை எப்படி நம்புவது?

ஆகவே அன்றைய ஆட்டம் அவனுக்கு அத்துடன் முடிந்தது. அவனைத் தனியே வீட்டுக்கு அனுப்பவேண்டாம். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வெளிச்சத்தில் கண் கூசுதல், கேட்டதையே திரும்பக் கேட்டல், காரணமற்ற எரிச்சல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலும், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், வலிப்பு வந்தாலும், பேச்சு குழறினாலும், எழுப்பியும் எழாமல் உறங்கினாலும் தாமதமின்றி மருத்துவமனைக்கு விரையுங்கள். பிறகு ஓரிரு நாள் ஓய்வு. முதலில் பள்ளிப் பாடம், அதன்பின் மெல்ல நடை, ஓட்டம். போட்டி கடைசியில்தான், அதுவும் மருத்துவர் சம்மதித்த பிறகே.

சபைகளில் வாலிபர் விளையாட்டு நாளை நடத்துகிற சகோதரர்களுக்கும் இது பொருந்தும். எந்த அணியையும் சேராத ஒருவரை முன்னதாகவே நியமியுங்கள். அவர் "வெளியே வா" என்றால், இறுதி ஓவரானாலும் அணித்தலைவர் மறுத்துப் பேசலாகாது.