சூரைச் செடியின் கீழ்

சாவை வேண்டிச் சூரைச் செடியின் கீழ்ப் படுத்துவிட்ட எலியாவை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. தூதர் வழியாக அப்பமும் தண்ணீரும் அளித்து, உறங்கவும் விட்டார் (1 அரசர் 19). நாமோ, வேலையை இழந்தோ பரீட்சையில் தவறியோ மனங்கலங்கி உறக்கமின்றித் தவிக்கும் பிள்ளையிடம் 'இன்னும் செபி' என்பதோடு நின்றுவிடுகிறோம். செபம் வேண்டும், ஆயினும் உளவளத்துணையாளரை நாடுவது விசுவாசக் குறைவன்று. 2020ஆம் ஆண்டின் கொரோனா முடக்கத்திலிருந்து கைத்தொலைபேசித் திரையிலேயே அவரோடு உரையாடுவது பலருக்கும் வழக்கமாயிற்று. அவரது தகைமையை விசாரித்தறிந்த பின்னரே தொடங்குங்கள். பிள்ளைக்கென ஓர் அறையை ஒதுக்கிக் கொடுங்கள். கதவோரம் நின்று ஒட்டுக்கேளாதீர்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே நாம் அவ்வாறு நிற்பதில்லையே! உயிரை மாய்க்கும் எண்ணம் தென்பட்டால் அடுத்த உரையாடல்வரை காத்திராமல், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்தை அப்போதே அழையுங்கள்.