எடை குறைக்கும் ஆபரேஷன்: விலையை மட்டும் கேட்டால் போதுமா?

பம்மலில் 2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடந்த அந்தப் பரிதாபச் சாவு பலருக்கு நினைவிருக்கும்.

புதுச்சேரியைச் சேர்ந்த வாலிபர். வயது 26. எடை சுமார் 150 கிலோ. உடம்பைக் குறைக்க ஆபரேஷன் செய்துகொள்வதற்காகப் பம்மலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஆபரேஷன் தொடங்கிய சிறிது நேரத்திலேயே நிலைமை மோசமானது. அவசர அவசரமாக வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பலன் இல்லை. மறுநாள் இறந்து போனார்.

பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தார்கள். அரசு விசாரணைக் குழு அமைத்தது. ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் பதிவு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது.

தப்பு யார் மீது என்பதைச் சட்டம் பார்த்துக் கொள்ளட்டும். ஆனால் அப்போது வந்த செய்திகளில் ஒரு விவரம் இருந்தது. முதலில் ஓரிடத்தில் 8 லட்சம் ரூபாய் ஆகும் என்று சொல்லப்பட்டது. பிறகு இன்னோர் இடத்தில் அதில் பாதிக்கும் குறைவாக முடித்துத் தருவதாகப் பேச்சு வந்தது. குடும்பத்தார் தரப்பில் சொல்லப்பட்டது இது.

அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. கையில் கட்டுக் கட்டாகப் பணம் வைத்திருப்பவர் எத்தனை பேர்? குறைந்த செலவில் முடியும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

கேள்வி வேறு. விலை குறையும்போது எது குறைகிறது? அதை யாராவது சொல்கிறார்களா?

கேலி பேசும் ஊர்!

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் அழகுக்காகப் போகிறார்கள் என்று நினைப்பவர்கள் நிறைய. அது தப்பு.

தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறும் கனத்த உடம்புக்காரரைக் கேட்டால் தெரியும். "அண்ணே, நீங்க ரெண்டு டிக்கெட் எடுக்கணும்" என்று ஒரு குரல். கூட இருப்பவர்கள் சிரிப்பு. கல்யாண வீட்டுக்குப் போனால் "இவனுக்குத் தனிப் பந்தி போடுங்கப்பா" என்று சொந்தக்காரரே சொல்வார். இத்தனையும் கேட்டுக்கொண்டு, முட்டி வலியோடு குரோம்பேட்டை ஸ்டேஷன் படிக்கட்டு ஏற வேண்டும்.

இது ஏதோ நாலைந்து பேர் விவகாரமும் அல்ல. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பெண்களில் 100-க்கு 40 பேர், ஆண்களில் 100-க்கு 37 பேர் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்கள் 31, ஆண்கள் 28. ஐந்தாறு வருடத்தில் இந்த ஏற்றம்!

அத்தனை பேருக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை. உணவு, நடை, மருந்து இவற்றால் குறைக்க முடிந்தவர்களே அதிகம். 2025-ல் புதிய ஊசி மருந்துகளும் இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டன. அவையும் டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் போட வேண்டும்.

ஆபரேஷன் யாருக்கு? எடையை உயரத்தோடு வைத்துப் பார்க்கும் ஒரு கணக்கு உண்டு. கிலோவில் எடை, அதை மீட்டரில் உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். வரும் எண் 37.5-க்கு மேல் இருந்தால், அல்லது சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோயோடு 32.5-க்கு மேல் இருந்தால் ஆபரேஷனை யோசிக்கலாம் என்பது இந்திய டாக்டர்கள் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வரும் அளவு. 160 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு முதல் கணக்கு 96 கிலோ. இரண்டாவது 83 கிலோ. அண்மைக் காலத்தில் உலக டாக்டர் சங்கங்கள் இந்த அளவை இன்னும் தளர்த்தியிருக்கின்றன. ஆனாலும் பத்து கிலோ தொப்பைக்கு இது வைத்தியம் அல்ல.

வயிற்றில் என்ன செய்கிறார்கள்?

கொழுப்பை வெட்டி எடுக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கை வைப்பது இரைப்பையில்.

ஒரு முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மீதி வாழைப்பழம் போல ஒரு குழாய். இன்னொரு முறையில் இரைப்பையின் மேல்பக்கம் ஒரு சிறு பை மட்டும் வைத்து, குடலை அதோடு நேராக இணைப்பார்கள். இரண்டுமே பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகவே நடக்கின்றன. துளை சிறிது என்பதால் ஆபரேஷன் சிறிது என்று எண்ணிவிடக் கூடாது!

அனுபவமுள்ள டாக்டர்கள் செய்யும் பெரிய மையங்களில் இதனால் ஏற்படும் சாவு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான். பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடும் அளவுக்குப் பத்திரமானது என்று டாக்டர்கள் சொல்வதற்கு இதுதான் ஆதாரம். ஆனால் அந்த ஆயிரத்தில் ஒன்று தானாக வந்துவிடவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் நடக்கும் வேலையால் வந்தது.

கத்தி எடுக்குமுன் பாதி வைத்தியம்!

பீச் போகும் மின்சார ரெயிலில் உட்கார்ந்த உடனே தூங்கி, குறட்டை விட்டு, இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். கனத்த உடம்புக்காரர்களில் பலருக்கு அது சோம்பேறித்தனம் அல்ல, வியாதி. இரவில் தூங்கும்போது மூச்சு அடிக்கடி நின்று நின்று வரும். அதனால்தான் பகலில் தூக்கம். இதைக் கண்டுபிடிக்காமல் மயக்க மருந்து கொடுத்தால் ஆபத்து. கண்டுபிடித்துவிட்டால், முகத்தில் மாட்டும் காற்றுக் கருவியைச் சில வாரம் முன்பே பழக்கி, ஆபத்தை வெகுவாகக் குறைத்துவிடலாம்.

இது ஒரு உதாரணம்தான். இதயத்துக்கு எக்கோ, நுரையீரல் சோதனை, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, சர்க்கரை, தைராய்டு, ரத்தத்தில் இரும்பு, பி12, டி வைட்டமின் அளவு என்று ஒரு வரிசையே உண்டு. சிகரெட் பிடிப்பவர் சில வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். கல்லீரலில் கொழுப்பு ஏறிப் பெரிதாக இருந்தால் அது இரைப்பையை மறைத்துக்கொண்டு நிற்கும். அதைச் சுருக்குவதற்காக இரண்டு வாரம் போலக் கடுமையான பத்தியம் வைப்பார்கள்.

மனநல டாக்டரையும் பார்க்கச் சொல்வார்கள். "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. காரணம் வேறு. கவலை வந்தால் தின்பவர், குடிப்பழக்கம் உள்ளவர், வீட்டார் தொல்லைக்காகச் சம்மதித்தவர், இவர்களெல்லாம் ஆபரேஷனுக்குப் பிறகு மிகவும் கஷ்டப்படுவார்கள். அதை முன்கூட்டித் தெரிந்துகொள்வதற்குத்தான் அந்தப் பேச்சு.

இத்தனைக்கும் வாரக்கணக்கில் ஆகும். "இன்னைக்கு அட்மிட் ஆகுங்க, நாளைக்கு ஆபரேஷன்" என்று, முன்னால் எந்தச் சோதனையும் இல்லாமல் யாராவது சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுவது நல்லது.

மூன்றாம் நாள் வீடு... பிறகு?

எல்லாம் சரியாக நடந்தால் அன்று மாலையோ மறுநாளோ எழுப்பி நடக்க விடுவார்கள். காலில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடாமல் இருக்கத்தான் இந்த அவசரம். இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வீட்டில்தான் உண்மையான பரீட்சை.

முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும். வடிகட்டிய பருப்புத் தண்ணீர், நீர்மோர், இளநீர், டாக்டர் சொல்லும் புரதப் பொடி. அதையும் மடக் மடக்கென்று குடிக்க முடியாது. ஒரு சின்ன கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாயாக உறிஞ்ச வேண்டும். பிறகு மசித்த உணவு. அப்புறம் இட்லி, முட்டை, மீன் போல மெத்தென்ற உணவு. ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும் சாதாரணச் சாப்பாட்டுக்கு வர. அப்போதும் ஒரு இட்லி, ஒன்றரை இட்லிதான். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி இடைவெளி வேண்டும். இனிப்பைக் கண்டால் ஒதுங்க வேண்டும். குடலை மாற்றி இணைத்தவர் ஒரு டம்ளர் பாயசம் குடித்தால் வியர்த்துக் கொட்டி, படபடப்பு வந்து, வயிற்றைக் கலக்கும்.

நம் வீடுகளில் இதுதான் பெரிய சிக்கல். "பிள்ளை மெலிஞ்சு போச்சே, இன்னும் ரெண்டு வாய் சாப்பிடு" என்று பாட்டி அன்போடு ஊட்டுவார். அந்த இரண்டு வாய் வாந்தியில் முடியும். வாந்தி விடாமல் தொடர்ந்தால் உடம்பில் பி1 சத்து தீர்ந்து நரம்பே பாதிக்கப்படலாம். ஆகவே ஆபரேஷனுக்கு முன்பு டாக்டரிடம் நோயாளியோடு சமையல் செய்கிறவரும் போக வேண்டும்!

மேஜை வேலை பார்க்கும் குமாஸ்தா இரண்டு வாரத்தில் ஆபீஸ் போகலாம். அரிசி மூட்டை தூக்கும் மளிகைக் கடைக்காரர் ஒரு மாதத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். மூன்றாவது மாதம் போல முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். பித்தப்பையில் கல் வரலாம். தோல் தொங்கலாம். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. இரைப்பையில் புண் வந்துவிடும். சர்க்கரை, பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் கூடாது. டாக்டர்தான் குறைக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் மெலிய வேண்டும் என்று இளம் பெண்களை அழைத்து வரும் பெற்றோர் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை கர்ப்பம் கூடாது. எடை குறைந்தால் கரு தரிக்கும் வாய்ப்பு அதிகமாகும். மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்துவிட்டு, கல்யாணமான மறு மாதமே "விசேஷம் இல்லையா?" என்று கேட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள்?

வைட்டமின் மாத்திரை ஆயுசு முழுக்க. ரத்தச் சோதனையும் அப்படியே. விட்டால் ரத்தசோகை, எலும்புத் தேய்வு. பழைய தீனியைத் தொடங்கினால் எடையும் திரும்பி வரும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களுக்குப் பலன் சும்மா அல்ல. ஒன்று, ஒன்றரை வருடத்தில் மொத்த எடையில் கால் பங்குக்கு மேல் குறைகிறது. பலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வருகிறது. இரவில் மூச்சு சீராகிறது. படிக்கட்டு பயமுறுத்துவதில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு யார்?

ஆபத்து வந்தால் அதற்கு நேரம் காலம் கிடையாது. தைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டால் காய்ச்சல், வயிற்று வலி, நெஞ்சு படபடப்பு. ரத்தக் கட்டி நகர்ந்தால் திடீர் மூச்சுத் திணறல், காலில் வீக்கம். வீட்டுக்கு வந்த பிறகும் இவை வரலாம். "வாயுவா இருக்கும், சோடா குடி" என்று பொழுதைக் கழித்தால் உயிர் போய்விடும்.

கூடுவாஞ்சேரியில் இருக்கும் நோயாளிக்கு ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டுகிறது. யாருக்குப் போன் செய்வது? எடுப்பது டாக்டரா, வாட்ச்மேனா? ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா?

விலை குறையும்போது குறைவது பெரும்பாலும் இவைதான்! ஊசி நூலின் விலையைக் குறைக்க முடியாது. ஆபரேஷனுக்கு முந்திய சோதனையைக் குறைக்கலாம். ராத்திரி டாக்டரைக் குறைக்கலாம். உணவு ஆலோசகரைக் குறைக்கலாம். ஒரு வருடம் தொடர்ந்து பார்ப்பதை விட்டுவிடலாம். இவற்றில் எதுவும் பில்லில் கண்ணுக்குத் தெரியாது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மின்விசிறி வாங்கினால்கூட, ஓட விட்டுப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறோம். உயிர் விஷயத்தில் கேட்கக் கூச்சம் எதற்கு?

"வருஷத்துக்கு இந்த ஆபரேஷன் எத்தனை செய்றீங்க? மயக்க டாக்டர் யாரு? ஐ.சி.யூ. இதே கட்டடத்தில் இருக்கா? சிக்கல் வந்தா யார் செலவு? ஒரு வருஷம் பார்க்கிறதும் இந்தத் தொகையில் சேர்ந்ததா?" இந்த ஐந்து கேள்விக்கும் பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். முகம் சுளிக்கும் இடத்தில் கத்திக்குப் படுக்கக் கூடாது.

இன்சூரன்ஸ் உள்ளவர்கள் பாலிசியை எடுத்துப் படிக்க வேண்டும். 18 வயதுக்கு மேற்பட்டவருக்கு, அந்த எடை-உயரக் கணக்கு 40 அல்லது கடுமையான துணை நோயோடு 35 இருந்து, மற்ற வழிகளில் எடை குறையவில்லை என்றால், இந்த ஆபரேஷனை உடல் பருமன் என்ற காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்பது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த விதி. காத்திருப்புக் காலம் உண்டா என்று கம்பெனியில் கேட்டுக்கொள்ளலாம். பலர் இது தெரியாமலே மலிவு இடம் தேடி அலைகிறார்கள்.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிகளைப் பதிவு செய்ய 1997-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சாவு நடந்த பிறகு பதிவை நிறுத்தி வைக்க அந்தச் சட்டம் பயன்பட்டது. சாவு நடக்குமுன் பயன்பட வேண்டாமா? இந்த ஆபரேஷன் செய்யும் ஒவ்வோர் இடத்திலும் என்ன வசதி இருக்கிறது, முன் சோதனை என்ன, பின் கவனிப்பு எத்தனை மாதம் என்பதைத் தமிழில் எழுதி வாசலில் தொங்கவிடச் செய்ய வேண்டும். பெட்ரோல் பங்கில் விலைப் பலகை வைக்க முடிகிறது. ஆஸ்பத்திரியில் முடியாதா?