டர்போ மோகம்

பழைய கான்டெஸ்ஸா வாங்கி, டர்போ இன்ஜின் மாட்டி, ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கணுமாம்! நம்ம கிளாஸ் பசங்களோட லேட்டஸ்ட் கனவு இது. பி.காம் படிக்கிறவங்கதானே, ஒரு கணக்கு போட்டுப் பாருங்கப்பா.

இன்ஜின் விலை மட்டும் செலவில்லை. டர்போ காற்றை அமுக்கித் திணிக்கும். சூடும் இழுவிசையும் ஏறும். அப்புறம் இன்டர்கூலர், ரேடியேட்டர், கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக்... எல்லாம் மாத்தணும்.

மாத்தினாலும் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு குறுக்கே நிக்குது. ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு.

ஆரம்பத்தில் 1.5 லிட்டர் இன்ஜினோடு திணறிய காருக்கு, பின்னாடி இந்துஸ்தான் மோட்டார்ஸே டர்போ இல்லாத 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வெச்சாங்க. அந்த மாடலைத் தேடிப் பிடிங்க. மிச்சக் காசில் பிரேக்கைச் சரி பண்ணுங்க. பரங்கிப்பேட்டை ரோட்டில் ஆடு குறுக்கே வந்தா, டர்போவா வண்டியை நிறுத்தும்?